சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? உடைப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

புது அலமாரிகள் தயாராகி, டைல்ஸ் வந்து இறங்கி, சிங்க்கும் குழாயும் பெட்டி பிரிக்காமல் வீட்டின் ஒரு மூலையில் இருக்கும் வரை பழைய சமையலறையில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்காதீர்கள். இந்த வேலை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதற்குப் பெரும்பாலும் ஆட்களைக் குறை சொல்வோம், ஆனால் நான் பார்த்தவரை உடைத்த பிறகு உட்கார்ந்து யோசிப்பதுதான் காரணம். சுவரைத் திறந்து வைத்துக்கொண்டு "சரி, ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் வைக்கலாம்?" என்று பேச ஆரம்பித்தால் எலெக்ட்ரீஷியன் அந்தப் பதிலுக்காக நிற்பார், அவருக்காகக் கொத்தனார் நிற்பார், கொத்தனாருக்காக டைல்ஸ் போடுபவர் நிற்பார், அதற்குள் அவருக்கு வேறு இடத்தில் வேலை வந்துவிடும், வீட்டில் இருப்பவர்கள் தூசிக்கு நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். காகிதத்தில் அழித்து எழுத ஒரு ரப்பர் போதும். சுவரில் அழித்து எழுதக் கொத்தனார் வேண்டும்.

அதனால் நிறம், ஷட்டர், கைப்பிடி எல்லாம் அப்புறம். அவை கடைசியில் பேச வேண்டியவை.

முதலில் இப்போது இருக்கும் சமையலறையைக் கவனியுங்கள்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு வாரம் சமையலறைக்குள் யார் நுழைந்தாலும் எரிச்சல் வரும் இடத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். நறுக்க இடமில்லை, ஈரப் பாத்திரம் வைக்க இடமில்லை, கீழ் அலமாரியின் பின்பக்கம் இருப்பதை எடுக்கத் தரையில் உட்கார வேண்டியிருக்கிறது, அடுப்பின் மேல் என் நிழலே விழுகிறது, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் போக முடியவில்லை. இப்படி. அழகு படம் பார்த்துச் சேகரித்த ஆசைகளைவிட இந்தத் தாள் பல மடங்கு பயன்படும், ஏனென்றால் இது உங்கள் வீட்டின் உண்மையான குறைப் பட்டியல்.

பட்டியல் நிறைந்ததும் அதைப் பிரித்துப் பாருங்கள். சில குறைகளுக்குப் புதுச் சமையலறையே வேண்டாம், ஒரு நல்ல விளக்கும் இரண்டு தட்டும் போதும். சில குறைகள் இடத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்காகத்தான் உடைக்கப் போகிறீர்கள். சமைப்பவர்கள் யார், எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்பார்கள், யாருடைய உயரம் என்ன, இடது கைப் பழக்கம் உள்ளவர் இருக்கிறாரா, குனிய முடியாத பெரியவர் இருக்கிறாரா என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். தினமும் சமைப்பவரைக் கேட்காமல் போடும் திட்டம் எனக்குத் துளியும் பிடிக்காது. செலவைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், அடுப்படியில் நிற்பவர் இன்னொருவர் என்றால் முடிவு நிற்பவருடையதாக இருக்க வேண்டும்.

அப்புறம் எல்லா அலமாரிகளையும் ஒருமுறை காலி செய்யுங்கள். ஒரு வருஷமாகத் தொடாததை வெளியே எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் வகைவகையாகப் பரப்பி, உயரமானது, கனமானது, தினம் வேண்டியது என்று பார்த்தால் எத்தனை அலமாரி தேவை என்பது தானாகத் தெரியும்.

அளவெடுப்பது

எஃகு டேப், ஒரே அலகு, முடிந்தால் மில்லிமீட்டர். பாதி அங்குலத்திலும் பாதி சென்டிமீட்டரிலும் எழுதினால் எங்கேயோ ஓரிடத்தில் தப்பு வரும். சுவரின் நீளத்தைத் தரை மட்டத்தில், மேடை மட்டத்தில், மேல் அலமாரி மட்டத்தில் என மூன்று உயரத்தில் எடுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது, மிகக் குறைந்த அளவை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் குறித்து இரண்டு குறிகளுக்கும் நடுவே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வரவில்லை என்றால் மூலையில் இடைவெளி விழும், அதை அலமாரி செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தரைக்கும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கீழ் அலமாரிகளைத் தரையின் மிக உயர்ந்த இடத்திலிருந்து கணக்கிட்டுத்தான் மட்டப்படுத்துவார்கள்.

ஜன்னல் விளிம்பின் உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, உத்தரம், தூண், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கேஸ் வரும் இடம், சுவிட்ச் போர்டு என ஒன்றையும் விடாமல் குறித்து, கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் 10 சென்டிமீட்டர் என்று வைத்து வரையுங்கள். கையால் வரைந்தாலே போதும்.

எது எங்கே

1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சின்னச் சமையலறையை வடிவமைத்தார். ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். சமைப்பவர் எத்தனை அடி எடுத்து வைக்கிறார், எதற்காகத் திரும்புகிறார் என்று பார்த்து வேலையின் வரிசைப்படி எல்லாவற்றையும் வைத்தார். அப்படிப்பட்ட சமையலறைகள் அந்த நகரத்தில் சுமார் 10,000 வீடுகளில் போடப்பட்டன. இடம் சின்னது என்று மனம் தளர்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பெரிய சமையலறையில் நடந்தே களைத்துப்போகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பரவியது வேலை முக்கோணம் என்ற கணக்கு. சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒவ்வொரு கோடும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக் கூடாது, நடுவில் போக்குவரத்துப் பாதை குறுக்கிடக் கூடாது. ஒருவர் மட்டும் சமைக்கும் வீட்டுக்கு இது இன்றும் சரியாகப் பொருந்தும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யும் வீட்டில் கழுவும் பகுதி, நறுக்கும் பகுதி, அடுப்புப் பகுதி என்று பிரித்து, ஒருவரை ஒருவர் தாண்டாமல் நிற்க முடிகிறதா என்று பார்ப்பது மேல். எதிரெதிரே மேடை இருந்தால் நடுப் பாதை ஒருவருக்கு 42 அங்குலம், இரண்டு பேருக்கு 48 அங்குலம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகப் பார்ப்பது சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் மேடையை. உண்மையான வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. கழுவியது அங்கே வருகிறது, நறுக்குவது அங்கே, அடுப்பில் போடுவதும் அங்கிருந்துதான். அதில் இடையீடு இல்லாமல் 36 அங்குலமாவது கிடைக்கும்படி செய்யுங்கள், அதற்காக வேறு இடத்தில் ஒரு அலமாரி குறைந்தாலும் பரவாயில்லை. அடுப்பின் ஒரு பக்கம் 12 அங்குலமும் மறுபக்கம் 15 அங்குலமும் காலியாக இருக்கட்டும், சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க உடனே கை போகும் இடம் அது. ஃப்ரிட்ஜ் பக்கத்திலும் 15 அங்குலம் வேண்டும். அடுப்பை வாசலை ஒட்டியோ திரைச்சீலை தொங்கும் ஜன்னலுக்குக் கீழேயோ வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டிச் செருகினால் கதவு முழுதாகத் திறக்காது, உள்ளே இருக்கும் டிராயரை இழுக்க முடியாது. அதற்கு எத்தனை இடைவெளி வேண்டும் என்பது அதன் கையேட்டிலேயே இருக்கும்.

மேடையின் உயரத்துக்கு எல்லோரும் 90 சென்டிமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருந்தால்தான் நறுக்கும்போது தோள் தூக்காது, முதுகு வளையாது. 165 சென்டிமீட்டர் உயரமானவருக்கு அந்த 90 பொருந்தும், 150 சென்டிமீட்டர் இருப்பவருக்கு 80-ஐ ஒட்டி வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு மேசை மேல் பலகைகளை அடுக்கி உயரத்தை மாற்றி மாற்றி ஒரு வாரம் அதில் நறுக்கிப் பாருங்கள். இன்னொரு விஷயம், சிங்கில் கை வேலை செய்வது அதன் அடித்தட்டில், அடுப்பில் கை வேலை செய்வது பாத்திரத்தின் வாய் உயரத்தில். ஆகவே மிக ஆழமான சிங்க் வாங்கினால் குனிந்தே கழுவ வேண்டியிருக்கும், இடம் கொடுத்தால் அடுப்பு மேடையை மட்டும் கொஞ்சம் தாழ்த்துவது மிகவும் நல்லது.

திட்டம் காகிதத்தில் வந்தவுடன் அதைத் தரையில் ஒட்டுநாடாவால் குறியுங்கள். வேறு அறையிலோ மாடியிலோகூடக் குறிக்கலாம். காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி அலமாரி என்று வைத்துக்கொண்டு, சமைப்பதாக நினைத்து நடந்து பாருங்கள். ஃப்ரிட்ஜைத் திறப்பது, சிங்குக்குத் திரும்புவது, டிராயரை இழுத்த நிலையில் இன்னொருவர் பின்னால் போவது எல்லாம் செய்து பார்த்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாதது காலில் தெரிந்துவிடும்.

தண்ணீர், கேஸ், மின்சாரம்

சிங்கை இடம் மாற்றுவது சுலபம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வரும் குழாயை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். 3 மீட்டர் தள்ளினால் 6 சென்டிமீட்டர் இறக்கம், அந்த இறக்கத்துக்குத் தரையிலோ அலமாரிக்குப் பின்னாலோ இடம் இருக்கிறதா? அடுக்குமாடியில் உங்கள் தரைக்குக் கீழே இருப்பது இன்னொருவர் வீட்டுக் கூரை. முடிந்தவரை சிங்கைப் பழைய வடிகால் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு மற்றதை நகர்த்துங்கள். சிங்குக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை நாற்றம் மேலே வருவதில்லை. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று யாராவது அதை எடுத்துவிட ஒத்துக்கொள்ளாதீர்கள். சமையலறைக்குத் தனியாக அடைப்பு வால்வு ஒன்று, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு, இருக்கும் கருவிகள், வாங்கப் போகும் கருவிகள் எல்லாவற்றையும் அவற்றின் வாட் அளவோடு எழுதி எலெக்ட்ரீஷியன் கையில் கொடுங்கள். நான்கு அடுப்பு உள்ள இன்டக்‌ஷன் மேடை ஒன்று 7,000 வாட் வரை இழுக்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 30 ஆம்பியர், சாதாரண பிளக் பாயின்ட்டின் ஒயர் அதைத் தாங்காது. ஓவன், பாத்திரம் கழுவும் எந்திரம், ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் தனி லைன் கேளுங்கள். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அறை இது, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி கண்டிப்பாக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அலமாரிக்குள் பொருத்தும் ஓவனுக்குப் பிளக் பாயின்ட் அதன் பின்னால் வைக்காமல் பக்கத்து அலமாரிக்குள் வைத்தால் பழுதாகும் நாளில் எந்திரத்தையே பிடுங்க வேண்டியிருக்காது. இப்போது கேஸ் அடுப்புதான் என்றாலும் பிற்காலத்தில் இன்டக்‌ஷன் வரலாம் என்று சுவருக்குள் ஒயர் போக ஒரு காலி பைப் விட்டுவையுங்கள், இன்று செலவு சொற்பம். கேஸ் லைன் வேலையை மட்டும் உரிமம் பெற்றவரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

புகை வெளியேறும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிம்னியின் குழாய் வெளிச்சுவர் வரை போக வேண்டும், குட்டையாகவும் நேராகவும் போக வேண்டும், ஒவ்வொரு வளைவும் அதன் இழுவையைக் குறைக்கும். வெளியே விடாமல் வடிகட்டி உள்ளேயே திருப்பி அனுப்பும் வகை கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கையும் வாசனையையும் பிடிக்குமே தவிர ஆவியையும் வெப்பத்தையும் அறைக்குள்ளேயே விட்டுவிடும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடைவெளி எவ்வளவு என்பதற்கு அந்தச் சிம்னியின் கையேடுதான் முடிவு. கூடவே ஒன்று. பலமாக இழுக்கும் சிம்னி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வர வேண்டும், ஜன்னலெல்லாம் மூடிய வீட்டில் கேஸ் வாட்டர் ஹீட்டர் போன்ற எரியும் கருவி இருந்தால் அதன் நச்சுப் புகையை அறைக்குள் இழுத்துவிடும் ஆபத்து உண்டு. எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் பேசாமல் ஹீட்டர் பொருத்துபவரிடமும் இதைக் கேளுங்கள்.

விளக்கு நடுக்கூரையில் ஒன்று மட்டும் இருந்தால் நீங்கள் எங்கே நின்றாலும் உங்கள் நிழல் வேலையின் மேல்தான் விழும். மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி எல்ஈடி பட்டை வையுங்கள். அதற்கான ஒயரையும் இப்போதே சுவருக்குள் விட வேண்டும்.

சுவரை எடுக்க நினைத்தால்

தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்து இது பாரம் தாங்கும் சுவரா என்று யாரும் சொல்ல முடியாது. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுத்தில் கொடுத்த பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். உள்ளாட்சி அனுமதி, குடியிருப்பு நிர்வாகத்தின் அனுமதி தேவையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். பழைய வீடு என்றால் பழைய தரை ஓடுகள், அவற்றின் பசை, சிமென்ட் ஷீட் ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உடைத்துத் தூசியாக்கிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது, முதலில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பொருட்கள்

அலமாரியில் கண்ணுக்குத் தெரியும் ஷட்டரைவிடத் தெரியாத உடம்புதான் முக்கியம். பலகை கெட்டுப்போவது விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறித்தான், அதனால் பின்பக்கம், அடிப்பக்கம் உட்பட எல்லா விளிம்பும் ஒட்டி மூடப்பட்டிருக்க வேண்டும், சிங்குக்குக் கீழே வரும் அலமாரி மட்டுமாவது நீர் தாங்கும் பிளைவுட்டில் இருக்க வேண்டும், அலமாரி நேராகத் தரையில் உட்காராமல் காலில் நிற்க வேண்டும். கீழே கதவு வைத்த அலமாரிக்குப் பதில் முழுதாக வெளியே வரும் டிராயர் போடுங்கள். விலை கூடும், ஆனால் குனிந்து தேடும் வேலையே போய்விடும், அந்தப் பழைய குறைப் பட்டியலில் பாதி இதிலேயே தீரும்.

மேடைக்குக் கிரானைட் உறுதியானது, அவ்வப்போது சீலர் பூச வேண்டும். மார்பிளில் புளிப்பான எது பட்டாலும் பளபளப்பு போய்த் தழும்பு விழும். தயாரிப்புக் குவார்ட்ஸ், அதாவது குவார்ட்ஸ் தூளை ரெசின் என்ற பிசினால் ஒட்டிச் செய்யும் கல், கறை பிடிக்காது, ஆனால் அந்த ரெசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. அந்தக் குவார்ட்ஸை வெட்டும்போது வரும் சிலிக்கா தூசி தொழிலாளிகளின் நுரையீரலை அழித்ததால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. எந்தக் கல்லானாலும் பட்டறையில் தண்ணீர் ஊற்றி வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள், வீட்டுக்குள் காய்ந்த நிலையில் வெட்ட விடாதீர்கள். அது வெட்டுபவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

பணமும் ஆட்களும்

ஒரே வரைபடத்தை, ஒரே பொருள் பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை வாங்குங்கள். ஆளுக்கொரு மாதிரி வாயால் சொன்னால் மூன்று விலைகளையும் ஒப்பிடவே முடியாது. பலகையின் தரமும் தடிமனும், கீல், டிராயர் ரெயில் எந்த நிறுவனம், இடிசலை யார் அள்ளிப் போவது, காடி வெட்டிய சுவரை யார் பூசித் தருவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும், சண்டை வருவது எப்போதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான். பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பங்கை எல்லா டிராயரையும் இழுத்து, எல்லாக் குழாயையும் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். மொத்தச் செலவில் 15 முதல் 20 சதவீதத்தை யாரிடமும் சொல்லாமல் ஒதுக்கி வையுங்கள். சுவருக்குள் துருப்பிடித்த குழாயோ கருகிய ஒயரோ இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் அந்தப் பணம், டைல்ஸ் தரத்தை உயர்த்த அல்ல.

வரிசை

உடைப்பது, சுவர் வேலை, அப்புறம் குழாயும் ஒயரிங்கும். இவை முடிந்து பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் ஒரு நாளை உங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள், பத்து வருஷம் கழித்து ஒரு அலமாரி மாட்டத் துளை போடும்போது குழாய் எங்கே ஓடுகிறது என்று அந்தப் படம் சொல்லும். குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு சோதித்த பிறகே மூட அனுமதியுங்கள். பிறகு பூச்சு, தரை, அலமாரி. தரை எத்தனை தடிமன் ஏறும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்த்துப் பார்த்து முடிவு செய்த மேடை உயரம் மாறிவிடும். மேடைக் கல் மட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாத பொருள், அலமாரி இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதற்குச் சரியான அளவெடுப்பார்கள், கல் வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை சிங்க் இருக்காது. கல் வந்தபின் சிங்க், சுவர் டைல்ஸ், அடுப்பு, சிம்னி, கடைசியாக பெயின்ட்.

இத்தனை நாளும் வீட்டில் பசிக்கும், அதை மறக்க வேண்டாம். குளியலறைக் குழாய்க்குப் பக்கத்து அறையில் ஒரு மேசை, ஒற்றை மின் அடுப்பு, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு தம்ளர், இரண்டு பாத்திரம் என்று முன்கூட்டியே அமைத்து, உடைப்பதற்கு முன் இரண்டு நாள் அதில் சமைத்துப் பழகுங்கள். சமையலறை வாசலுக்குத் தடித்த பிளாஸ்டிக் தாள் கட்டி நான்கு பக்கமும் ஒட்டிவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்து, பொருட்களும் வீட்டில் இறங்கிவிட்டதா? இப்போது நாள் குறியுங்கள். அன்று காலை முதல் வேலை கேஸை அடைப்பது, தண்ணீர் வால்வை மூடுவது, சமையலறை லைனை மெயினில் அணைத்துவிட்டு ஒவ்வொரு பாயின்ட்டிலும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது. மேல் அலமாரிகளை முதலில் கழற்றுங்கள், கீழ் மேடை அதுவரை தாங்கலாக இருக்கும். சிங்கைக் கழற்றியவுடன் வடிகால் குழாயின் வாயில் ஒரு பழைய துணியை இறுகத் திணித்து, மேலே மூடி போட்டு நாடா சுற்றிவிடுங்கள். உள்ளே விழும் ஒரு கைப்பிடி சிமென்ட் துண்டு குழாயை அடைத்துவிட்டால் புதுத் தரையையே தோண்ட வேண்டிவரும், அந்தத் துணியைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதையும் பிளம்பரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.